விழிஞ்ஞத்தில் ஒரு வீடு

திருவனந்தபுரத்தில் நான் குடியேறி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் ஐந்து வீடுகள் மாறியிருக்கிறேன். ஐந்தும் வாடகை வீடுகள். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் சங்கத்து அன்பர்களில் பலர் என் நிலையினரே என்பதையும் அறிவேன். ஊரில் நமக்கு ஒரு மனையோ, ஓட்டு வீடோ இருக்கும். அதில் நாம் இருப்பதில்லை. இங்கே நாம் இருக்கும் வீட்டுக்கு வரி கட்டுகிறவர் வேறொருவர்.

2025-ஆம் ஆண்டுத் தைத் திங்களில் எங்கள் ஆற்றுக்கால் வீட்டின் உரிமையாளர் மிக்க மரியாதையுடன் வந்து அமர்ந்தார். காப்பி அருந்தினார். தம் மகள் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவதாகச் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வைகாசி வரை தவணை கேட்டுக்கொண்டேன்.

பெங்களூரில் பணிபுரியும் என் மகனிடம் தொலைபேசியில் இதைத் தெரிவித்தபோது, "அப்பா, இனியும் வாடகை வீடு பார்க்காதீர்கள். விழிஞ்ஞத்தில் ஒரு பிளாட் வாங்குங்கள். துறைமுகம் வந்துவிட்டது. ஐந்தாண்டுகளில் விலை இரட்டிக்கும்" என்றான். சேமிப்புப் போதாதே என்றேன். "அம்பாசமுத்திரத்து மனை சும்மாதானே கிடக்கிறது?" என்றான். அது என் தந்தையார் விட்டுச் சென்ற பன்னிரண்டு சென்ட் மனை. ஒரு கிணறும் இரு தென்னைகளும் உண்டு. என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாதிருப்பது எங்கள் வீட்டில் மறுப்புரையின் முதற்பாகம்.

அடுத்த ஞாயிறன்று கிழக்கேகோட்டையில் பேருந்தேறினோம். திருவல்லத்தில் ஆற்றைக் கடந்து, கோவளம் சந்திப்பைத் தாண்டி, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் விழிஞ்ஞம் சேர்ந்தோம். தூரம் 16 கிலோமீட்டர்தான். இவ்வழியில் நான் முன்னரும் போயிருக்கிறேன். பிள்ளைகள் சிறுவராயிருந்தபோது மீன் வளர்ப்புத் தொட்டிகளைக் காட்ட அழைத்துச் சென்றதுண்டு. அப்போது சாலையோரத்தில் தென்னையும் மரவள்ளியும் கண்ணுக்குத் தெரிந்தன. இப்போது விளம்பரப் பலகைகளே முன்னே நிற்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் ஒரு கப்பல். கப்பலுக்கு மேலே ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மாடியில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு புன்னகை செய்யும் ஒரு குடும்பம். அக்குடும்பத்தினர் எவருக்கும் வயது நாற்பதைத் தாண்டவில்லை என்பதை என் மனைவி கவனித்துச் சொன்னாள்.

எங்களை அழைத்துப் போன தரகர் இனிய மனிதர். என் உச்சரிப்பைக் கேட்டதுமே "அண்ணாச்சி" என்று விளிக்கலானார். எங்கே நின்றாலும் அவர் கை நாளையையே சுட்டியது. "இங்கே வளையச் சாலை வரும். அங்கே இரயில் வரும். இதோ, இந்தத் திருப்பத்தில் பெரிய மருத்துவமனை வரும்." வந்திருப்பது எது என்று என் மனைவி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தொலைவிலே தெரிந்த பாரந்தூக்கிகளைக் காட்டினார். நீலவானில் வரிசையாக நின்ற அவை எங்கள் இருவரையும் சற்று நேரம் வாயடைக்கச் செய்தன என்பதை ஒளிப்பதற்கில்லை.

விழிஞ்ஞத்துக்கு நாளையைப் பற்றிய பேச்சு புதிதன்று. எட்டாம் நூற்றாண்டிலேயே இவ்வூரைப் பிடிக்கப் போர் நடந்திருக்கிறது. ஆய் மன்னர்களின் கோட்டையாக இருந்த இதனைப் பாண்டியன் நெடுஞ்சடையன் வென்றதைச் செப்பேடு கூறுகிறது. கடலே அகழியாய் அமைந்த கோட்டை என்று அது வருணிக்கிறது. பின்னர்ச் சோழர் வந்தனர். கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டாரும் விழிஞம் என்ற பெயரை மறக்கவில்லை. 1644-இல் ஆங்கிலக் கம்பெனியார் இங்கே ஒரு பண்டகசாலை வைத்தனர். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பாறையைக் குடைந்து செய்த சிறு குகைக்கோயில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் சிவபெருமானின் உருவங்களைச் செதுக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் என்று காவலரைக் கேட்டேன். "காசு தீர்ந்திருக்கும்" என்றார். அடுக்குமாடி பார்க்க வந்தவனுக்கு அந்த விடை அவ்வளவு உவப்பாக இல்லை.

இக்காலத் துறைமுகத்தின் கனவிலும் ஒரு தமிழர் பெயர் உண்டு. திருவிதாங்கூரின் திவானாக 1936 முதல் 1947 வரை இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் காலத்திலேயே இங்கே துறைமுகம் அமைக்க ஆராய்ச்சி நடந்தது. காரணம் வெளிப்படை. கரையை ஒட்டியே கடல் 18 முதல் 20 மீட்டர் வரை ஆழமுடையது. கீழ்த்திசைக்கும் மேல்திசைக்கும் இடையே கப்பல்கள் செல்லும் பெருவழி இங்கிருந்து பத்துக் கடல் மைல் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் கனவு நனவாக நெடுங்காலம் சென்றது. 2015 ஆகஸ்டில் கேரள அரசுக்கும் அதானி நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வேலை தொடங்கிற்று. 2017-இல் ஒக்கிப் புயல் வந்து குறுக்கிட்டது. அலைதடுப்புச் சுவருக்குக் கல் கிடைக்காமல் பணி தேங்கிற்று. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுவருக்கான கல்லில் ஒரு பகுதி கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து எல்லை கடந்து வந்தது. நான் இங்கே மனை பார்க்க வருமுன்பே எங்கள் பக்கத்துக் கருங்கல் இக்கடலில் குடியேறிவிட்டது. 2024 ஜூலை 11-இல் 'சான் பெர்னாண்டோ' என்னும் முதற் சரக்குப் பெட்டிக் கப்பல் வந்தது. டிசம்பர் 3-இல் வணிகம் தொடங்கிற்று. 2025 மே 2-இல் பிரதமர் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தரகர் காட்டிய முதற் குடியிருப்பு இன்னும் கட்டி முடியாதது. பரப்பு 1,150 சதுர அடி என்று அச்சிட்டிருந்தார்கள். கணக்கெழுதுகிறவன் பழக்கம் விடாது. நான் அளவு நாடா கொண்டு போயிருந்தேன். மாதிரி வீட்டின் சுவருக்குள்ளே அளந்தபோது 790-தான் வந்தது. மீதம் எங்கே என்றேன். படிக்கட்டு, மின்தூக்கி, முகப்புக் கூடம், சுவர்களின் கனம் எல்லாவற்றிலும் எனக்குப் பங்குண்டு என்றார்கள். 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி சுவருக்குட்பட்ட உட்பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இதை நான் பணிவாக எடுத்துரைத்தேன். "அதுவும் சொல்வோம்" என்றார் விற்பனைப் பெண்மணி, அதைவிடப் பணிவாக.

இரண்டாவது குடியிருப்பு கடலோரம். அதன் நான்காம் மாடியில் நின்றபோது அறிவு சற்றே தளர்ந்தது. கீழே மசூதியின் வெண்ணிறக் கோபுரங்கள்; சிறிது தள்ளி மாதா கோயில்; இடையே நூற்றுக்கணக்கான வண்ணப் படகுகள்; அப்பால் கலங்கரை விளக்கம். என் மனைவிகூட, "நல்ல காற்று" என்றாள். நான் அன்றே முன்பணமாக ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டேன். அம்பாசமுத்திரத்து மனைக்கு ஆள் பார்க்கும்படி ஊரிலுள்ள மைத்துனருக்கும் சொல்லிவிட்டேன். நாற்பதாண்டுகளாகப் பிறர் பணத்தை எண்ணியவன் தன் பணத்தை எண்ணாமல் கொடுத்த நாள் அது.

அதன் பிறகுதான் ஆவணங்களைக் கேட்டேன். வரிசை தப்பு என்பது தெரிகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலையாள மண்ணில் பத்திரம் படிக்கும் தமிழனுக்குப் பாதிச் சொற்கள் புரியும். அதுதான் ஆபத்து. முற்றும் புரியாதவன் பிறரைக் கேட்பான். பாதி புரிந்தவன் தலையை ஆட்டுவான். நாம் பத்திரம் என்பதை இவர்கள் ஆதாரம் என்பார்கள், தாய்ப்பத்திரம் முன்னாதாரம். நமக்கு வில்லங்கச் சான்றிதழ். இவர்களுக்குக் குடிக்கடச் சான்றிதழ். வரி இங்கே கரம். "போக்குவரவு கழிந்தோ?" என்று எழுத்தர் என்னைக் கேட்டபோது, பேருந்து முக்கால் மணி நேரத்துக்கொன்று கிடைக்கிறது என்று விடை சொன்னேன். அவர் கேட்டது பெயர் மாற்றத்தைப் பற்றி. நம் ஊரில் பட்டா மாறுதல் என்கிறோமே, அது. அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் அடுத்த சொல் சிரிப்புக்குரியதாக இல்லை. கரம் கட்டிய ரசீதில், கட்டடம் நின்ற சர்வே எண்ணுக்கு எதிரே 'புரையிடம்' என்றும், வாகனம் நிறுத்தவும் பின்புற வழிக்கும் ஒதுக்கிய பக்கத்து எண்ணுக்கு எதிரே 'நிலம்' என்றும் எழுதியிருந்தது. நிலம் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று, வாங்குவது நிலம்தானே! ஆதாரம் எழுதும் முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, எங்கள் ரெவின்யூ ரிக்கார்டில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்தது புரையிடம் மட்டும்தான்" என்றார். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயலை மனம்போல் மேடாக்க முடியாது. வகை மாற்றம் பெறாமல் அந்த இடத்தில் கட்டியதும் போட்டதும் என்றைக்கும் கேள்விக்குரியவை. தமிழில் ஐந்திணைக்கும் பொதுவான ஒரு சொல் எல்லை கடந்ததும் வயலுக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கி நின்றது. அச்சொல்லின் விலை எனக்கு அம்பாசமுத்திரத்து மனையாகியிருக்கும்.

கடலோரம் என்பதால் இன்னொன்றையும் அவர் கேட்டார். கரையோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி எங்கே என்றார். உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் செல்லும். உள்ளாட்சி தந்த அனுமதி இருக்கிறதே என்றேன். அவர் 'மரடு' என்ற ஒரே சொல்லைச் சொன்னார். கொச்சியை அடுத்த மரடில் காயலோரம் எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகளுக்கும் ஊராட்சி அனுமதி தந்தே இருந்தது. கரையோர விதி மீறப்பட்டதென 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் சில விநாடிகளில் புழுதியாயின. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் நானும் வேடிக்கையாகப் பார்த்தவன்தான். அங்கே பிழை செய்தவர் வேறு. பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி இறங்கியவர் வேறு.

முன்பணத்தைத் திரும்பப் பெற மூன்று மாதமும் ஒன்பது நடைகளும் ஆயின. பத்தாயிரம் ரூபாயை 'அலுவலகச் செலவு' என்று பிடித்துக்கொண்டார்கள். ரசீது கேட்டேன், தரவில்லை. புதிதாக வாங்க எண்ணும் அன்பர்களுக்கு இவ்விடத்தே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட எந்தத் திட்டமும் கேரள மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; எண்ணைக் கேட்டு, அதை நீங்களே சரிபார்க்க வேண்டும். விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதியாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கச் சட்டம் இடந்தரவில்லை. வாங்கிய பணத்தில் 70 விழுக்காடு அத்திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டட அமைப்பில் குறை கண்டால் ஐந்தாண்டுகள் வரை கட்டியவரே செம்மை செய்து தர வேண்டும். விலைக்கு மேலே முத்திரைத் தீர்வை 8 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் உண்டு. ஐம்பது இலட்சத்து வீட்டுக்கு ஐந்து இலட்சம் அரசுக்கு. கட்டி முடியாத வீடாயின் சரக்கு சேவை வரி வேறு. இவற்றைத் தரகர் கடைசி நாளில்தான் சொல்வார்.

ஆவணங்கள் கிடக்கட்டும். விலை இரட்டிக்கும் என்றானே என் மகன், அதையும் நான் கணக்கனின் கண்ணோடு பார்த்தேன். விழிஞ்ஞம் ஒரு மாற்றேற்றுத் துறைமுகம். பெருங்கப்பல் பெட்டிகளை இறக்கும். சிறு கப்பல்கள் அவற்றை ஏற்றிக்கொண்டு வேறு துறைகளுக்குச் செல்லும். கொழும்பும் சிங்கப்பூரும் இவ்வாறே செழித்தன. நம் நாட்டுப் பெட்டிகளில் பெரும்பகுதி நெடுங்காலம் அவ்வூர்களுக்குச் சென்றே கப்பல் மாறின. 2025 ஜூனில் 400 மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள 'எம்.எஸ்.சி. இரினா' இங்கே வந்து நின்றது; உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டிக் கப்பல்களில் ஒன்று அது. எல்லாம் பெருமைக்குரியதே. ஆனால் கடல் வழியே வந்து கடல் வழியே போகும் பெட்டி ஊருக்குள் நுழைவதில்லை. அதற்கு லாரி வேண்டாம், கிடங்கு வேண்டாம், தேநீர்க் கடை வேண்டாம். பாலராமபுரத்துக்குச் செல்லவிருக்கும் 10.7 கிலோமீட்டர் இரயில் பாதையில் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம். அது முடிந்து, சாலையும் அமைந்து, பெட்டிகள் வாயிலைக் கடந்து வரும்போதுதான் ஊருக்கு அதன் பயன் முழுதாகத் தெரியும். வளையச் சாலைக்கென அறிவித்த நிலங்களின் உரிமையாளர் பலர், விற்கவும் இயலாமல் ஈடு வைக்கவும் இயலாமல் ஆண்டுக்கணக்கில் தவித்ததை இங்கே எல்லாரும் அறிவர். வல்லார்பாடத்தில் 2011-இல் பெட்டித் துறை திறந்தபோதும் இதே பேச்சு இருந்தது. எதிர்பார்த்த மாற்றேற்று வணிகம் எளிதில் வந்து சேரவில்லை. நம் குமரி மாவட்டத்து இனயத்தில் துறைமுகம் அமைக்க 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது, மீனவரின் எதிர்ப்பு எழுந்தது, துறைமுகம் எழவில்லை. விழிஞ்ஞத்தில் எழுந்துவிட்டது, உண்மை. ஆனால் நான் வாங்க வேண்டியது துறைமுகமன்று. நானும் என் மனைவியும் நாளை காலை கண் விழிக்கும் ஓர் அறை.

இதற்கிடையே வைகாசி வந்துவிட்டது. ஆற்றுக்கால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்போது என் மனைவி வாய் திறந்தாள். "வாங்கத்தான் வேண்டுமென்றால், ஒரு மழைக்காலம் அங்கே குடியிருந்து பார்த்துவிட்டு வாங்குவோம்" என்றாள். எழுபது வயதை எட்டப் போகிறவன் இதைத் தானே எண்ணியிருக்க வேண்டும்.

முக்கோலாவிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலையில், வளைகுடா நாட்டில் இருக்கும் ஒருவரின் பிளாட்டைப் பதினொரு மாத உடன்படிக்கையில் வாடகைக்கு எடுத்தோம். மே நடுவில் குடியேறினோம். பத்து நாட்களுக்குள்ளாகவே ஒரு செய்தி வந்தது. விழிஞ்ஞத்திலிருந்து சுமார் 640 பெட்டிகளுடன் கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் சரிந்து, மே 25-இல் மூழ்கிற்று. மாலுமிகள் அனைவரும் மீட்கப்பட்டனர். பெட்டிகள் கொல்லம் கரையிலும் பிற இடங்களிலும் ஒதுங்கின. அரிசியைப் போன்ற வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் நம் மாவட்டக் கடற்கரையிலும் குவிந்தன. பல நாட்கள் மீன் வாங்க மக்கள் அஞ்சினர்.

மழைக்காலம் எங்களுக்கு வீட்டைக் கற்பித்தது. சன்னலின் இரும்புக் கம்பியில் மூன்றாம் வாரமே துரு பூத்தது. உப்பு ஜாடி வியர்த்தது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைத்தோம். மொட்டை மாடியில் உலர்த்திய அப்பளம், வெயிலடித்த நாளிலும் மாலையில் துணிபோல் மடிந்தது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சிறிது உவர்ப்பு இருந்தது. குடிநீருக்கு வண்டி வந்தாக வேண்டும். கடல் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் மழைக்காலத்தில் கடற்பக்கத்துக் கதவைத் திறப்பதில்லை என்பதை அங்கே வாழ்ந்தால்தான் அறியலாம். இரவில் துறைமுகம் உறங்குவதில்லை. அதன் விளக்கொளி எங்கள் கூரையில் மஞ்சளாகப் படிந்திருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது. மருந்துக் கடைக்கும் அஞ்சலகத்துக்கும் தானியங்கி வண்டியின்றிப் போக முடியாதது பிடிக்கவில்லை.

கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். இரவு எட்டு மணிக்கு நான் கீழே நின்று எண்ணிப் பார்த்தேன், ஏழில்தான் விளக்கெரிந்தது. மற்றவை விலையேற்றத்துக்காக வாங்கிப் பூட்டப்பட்டவை. மின்தூக்கி நின்றபோது இதன் பொருள் விளங்கிற்று. பராமரிப்புக்கு எல்லாரும் பணம் தந்தால்தான் பழுது பார்க்கலாம்; பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு மின்தூக்கி எதற்கு? பதினெட்டு நாட்கள் என் மனைவி முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறினாள். ஏறுகின்ற ஊர் என்று தரகர் சொன்னது இதைத்தானா என்று ஒருநாள் கேட்டாள்.

தென்மேற்குப் பருவத்தில் பிற கரைகள் கொந்தளிக்கும்போது விழிஞ்ஞத்துக் குடாவில் படகிறக்க முடியும். ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் பக்கத்துக் கடலோர ஊர்களின் படகுகளெல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. விடியற்காலையில் மீன்துறையைப் பார்த்தால் திருவிழாவுக்கு ஒப்பாக இருக்கும். சூரையும் கணவாயும் நெத்திலியும் மலைமலையாகக் குவியும். லாரிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். வாடை எங்கள் மாடிவரை வரும். விளம்பரப் படத்திலே காற்றுக்கு வாடை இல்லை.

எங்கள் வாயிலுக்கு மீன் கொண்டு வரும் அம்மையார் ஒருவர் உண்டு. நாங்கள் சைவர் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம்; ஆயினும் சுமையை இறக்கி வைத்து, மோர் கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். அவர் பேசுவது மலையாளந்தான். காதுக்குக் குளச்சல் பக்கத்துத் தமிழ்போல் ஒலிக்கும். என் மனைவியை "மக்களே" என்பார். 2022-இல் மீனவர் துறைமுக வாயிலிலே பந்தலிட்டு, கரை அரிப்புக்கும் வீடிழந்தோர்க்கும் நீதி கேட்டு டிசம்பர் 6 வரை போராடினார்களல்லவா? அந்தப் பந்தலில் அவர் கணவர் நாள் தவறாமல் அமர்ந்திருந்தாராம். அவருடைய மகன் இப்போது அதே வாயில் வழியாகத் துறைமுகத்து வேலைக்குச் செல்கிறான். இருவரும் ஒரே திண்ணையில் உண்கிறார்களா என்று கேட்டேன். "உண்ணாமல்? ஒரே சட்டிதானே" என்றார். அவருடைய தங்கையின் வீடு வலியதுறைப் பக்கம் கடலில் போயிற்று. சிமெண்டுக் கிடங்கில் துணி மறைப்புக் கட்டிப் பல ஆண்டு வாழ்ந்துவிட்டு, அரசு தரும் 5,500 ரூபாயில் வாடகை வீடு தேடினார்கள். கரை அரிப்புக்குத் துறைமுகந்தான் காரணமா என்பதில் அரசும் மீனவரும் இன்றும் ஒத்துப்போகவில்லை. அதில் தீர்ப்புச் சொல்ல நான் வல்லவனல்லன். ஒருநாள் அவர் எங்கள் சன்னலருகே வந்து நின்று வெளியே நோக்கிவிட்டு, "இதைப் பார்க்கவா மக்களே, மாசம் இவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்றார். இகழ்ச்சியாகக் கேட்கவில்லை, விலை விசாரிக்கிற குரலில் கேட்டார்.

புரட்டாசியில் மகன் வந்தான். மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கடல் தெரியும் வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் உள்ள விலை வேறுபாடு ஏறத்தாழ அம்பாசமுத்திரத்து மனையின் விலை என்று தெரிந்தது. அதைத் தாளில் எழுதி அவன் முன்னே தள்ளினேன். "எனக்காக அந்த மனையை வைத்திருக்கிறீர்கள் என்றால் வேண்டாம் அப்பா, நான் அங்கே திரும்பப் போவதில்லை" என்றான். நேர்மையான பேச்சு. எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. "உனக்காக இல்லை. அங்கே உன் அப்பா எப்போதாவது போய் நிற்கிறார், அதற்காக" என்றாள் என் மனைவி.

கடலைவிட்டு உள்ளே தள்ளி, வெங்ஙானூரில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் தரைத்தள வீடு ஒன்று மறுவிற்பனைக்கு வந்தது. வெங்ஙானூர் அய்யன்காளி பிறந்த ஊர். ஒடுக்கப்பட்டோர் பொதுச்சாலையில் செல்லலாகாது என்றிருந்த நாளில், 1893-இல், அவர் வில்வண்டி பூட்டிச் சென்று வழியைத் திறந்தார். எட்டு வீடுகள், எட்டிலும் விளக்கெரிகிறது. நான் இரவு எட்டு மணிக்குப் போய் எண்ணினேன். கடல் தெரியாது; மழை விட்ட இரவுகளில் கப்பலின் சங்கொலி மட்டும் கேட்கும். முற்றத்தில் ஒரு கிணறு உண்டு. என் மனைவி நீரிறைத்து ஒரு வாய் குடித்தாள். பின்பு ஆவணங்களைப் பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். முன்னாதாரம் சரி. முப்பதாண்டுக் குடிக்கடம் சரி. கர ரசீதில் 'புரையிடம்' என்ற சொல்லைத் தேடிக் கண்டு, விரலை வைத்துக்கொண்டு இருமுறை படித்தேன். பழைய கட்டடமாதலால் புதிய சட்டத்தின் காவல் இதற்கில்லை; பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து தூண்களையும் மேல்தளத்தையும் தட்டிப் பார்க்கச் செய்தேன். என் சேமிப்போடு மகன் வங்கிக் கடனில் ஒரு பங்கு சேர்த்தான். விலை இரட்டிக்குமா என்று அவன் இம்முறை கேட்கவில்லை.

கார்த்திகையில் பதிவு நடந்தது. ஆதாரம் முழுவதும் மலையாளம். அதே முதியவர்தான் எழுதினார். ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழாக்கிச் சொன்னார். கையொப்பம் தமிழில் இடலாமா என்று கேட்டேன். "உங்கள் கையொப்பம் எதுவோ அதை இடுங்கள்" என்றார் சார்பதிவாளர். இட்டேன்.

போக்குவரவு இன்னும் முடியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கிராம அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.